தாய் நிறுவனம் எப்போது வாங்கும்? சிலிகானிக்ஸ் பங்கோடு ஏழு வருடம்

2025 ஏப்ரல் 6

ஆஸ்டினிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அப்படியே போடுகிறேன்:

"அண்ணா, என்னிடம் ஒரு சிப் கம்பெனியின் பங்கு கொஞ்சம் இருக்கிறது. அதில் பெரும்பங்கு தாய் நிறுவனத்தின் கையில். சந்தையில் புழங்குவது மிச்சம் மீதிதான். 'என்றைக்காவது ஒருநாள் தாய் நிறுவனம் மீதியையும் வாங்கத்தான் போகிறது, சந்தை விலைக்கு மேல் நல்ல பிரீமியம் கொடுத்துத்தான் ஆக வேண்டும், பேசாமல் உட்கார்ந்திரு' என்று எல்லாரும் சொல்கிறார்கள். இரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். இது சரியான கணக்கா?"

கம்பெனியின் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். சொல்லவில்லை.

2025 ஏப்ரல் 6, இரவு

தம்பி, இதே நம்பிக்கையோடு நானும் ஏழு வருடம் உட்கார்ந்திருந்தேன். சிலிகானிக்ஸ் பங்கு. 1998-லிருந்து 2005 வரை. தாய் நிறுவனம் வாங்கும் என்று நம்பினேன், வாங்கியது. "வாங்குமா" என்ற கேள்வியில் நான் தோற்கவில்லை. அதற்குப் பக்கத்தில் இருந்த மற்ற கேள்விகளை நான் கேட்கவே இல்லை. ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

2025 ஏப்ரல் 8

முதலில் யார் யார் என்று.

சிலிகானிக்ஸ் 1962-ல் தொடங்கிய கம்பெனி, கலிஃபோர்னியாவின் சாண்டா கிளாராவில் இருந்தது. பவர் மாஸ்ஃபெட் அவர்களுடைய சரக்கு. லேப்டாப்பில் பேட்டரியிலிருந்து வரும் மின்சாரத்தைத் திறந்து மூடுகிற, மின்னழுத்தத்தை இறக்கிக் கொடுக்கிற சின்னச் சின்ன சுவிட்சுகள். பிராசஸரைப் பற்றிப் பேசுகிற யாரும் அதைப் பேச மாட்டார்கள். ஆனால் அது சூடானால் லேப்டாப் சூடாகும், அது மின்சாரத்தை வீணாக்கினால் பேட்டரி சீக்கிரம் தீரும். எட்டுக் கால் வைத்த ஒரு சின்ன பொட்டலத்தில் 'லிட்டில் ஃபுட்' என்று விற்றார்கள். அப்போது நான் மின்வழங்கல் போர்டுகளைச் சோதிக்கும் வேலையில் இருந்தேன். ஒரு நாளைக்கு எத்தனை லிட்டில் ஃபுட்டைச் சாலிடர் பண்ணிப் பிரித்திருப்பேன் என்று கணக்கில்லை. போட்டியாளர் பாகங்களையும் அதே மேசையில் சூடேற்றிப் பார்த்திருக்கிறேன். சிலிகானிக்ஸ் பாகம் நன்றாக இருந்தது, அதனால் பங்கை வாங்கினேன். 100 பங்கு. அந்தக் காரணம் இன்றைக்கும் எனக்குச் சரியாகத்தான் படுகிறது.

அதன் தாய் நிறுவனமான விஷே வேறு மாதிரி. பென்சில்வேனியாவின் மால்வர்ன் ஊரில் தலைமையகம். ரெசிஸ்டர், கெபாசிட்டர் செய்து வளர்ந்த கம்பெனி. 1998 மார்ச்சில் கார் கம்பெனியான டாய்ம்லர்-பென்ஸிடமிருந்து டெமிக் என்ற செமிகண்டக்டர் பிரிவை வாங்கியபோது, அதோடு சேர்ந்து சிலிகானிக்ஸின் 80.4 சதவீதமும் வந்தது. மீதி 19.6 சதவீதம் நாஸ்டாக் பங்குச் சந்தையில் என்னைப் போன்றவர்களிடம்.

அந்த வாரமே ஆபீஸ் கேண்டீனில் பேச்சு தொடங்கிவிட்டது. "80 வைத்திருக்கிறவன் 20-ஐ விட்டு வைப்பானா?" எல்லாருக்கும் அது இயல்பான கேள்வியாகத் தெரிந்தது. எனக்கும்தான்.

2025 ஏப்ரல் 9

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தபோது ஒன்று உறைத்தது. 1998 மார்ச்சில் நடந்ததே ஒரு கையகப்படுத்தல்தான். கட்டுப்பாடு கை மாறியது. பணம் டாய்ம்லருக்குப் போனது. சிறுபான்மைப் பங்குதாரர்களுக்கு ஒரு காசு வரவில்லை, 'உன் பங்கையும் இந்த விலைக்கு வாங்கிக்கொள்கிறேன்' என்ற சலுகையும் வரவில்லை.

அமெரிக்காவில் பெரும்பங்கு கை மாறினால் மற்றவர்களிடமும் வாங்கியாக வேண்டும் என்று பொதுவான சட்டம் இல்லை. இந்தியாவில் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதிப்படி 25 சதவீதத்தைத் தாண்டுகிறவர் இன்னும் 26 சதவீதத்துக்குத் திறந்த சலுகை வைக்க வேண்டும். ஊரிலிருந்து வந்த பழக்கத்தில் இங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிடாதே, தம்பி. உன் தாய் நிறுவனம் மீதியை வாங்கலாம். அல்லது தன் பங்கைத் தூக்கி வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போகலாம். அப்போது உனக்குக் கிடைப்பது ஒரு புது முதலாளி மட்டும்தான்.

2025 ஏப்ரல் 10

80.4 ஏன் 70 இல்லை, 60 இல்லை என்று ஒருவர் கேட்கிறார். அந்த எண் எப்படி வந்தது என்பது பழைய கதை. ஆனால் 80 என்ற கோடு முக்கியம். அமெரிக்க வரிச் சட்டத்தில் துணை நிறுவனத்தின் 80 சதவீதம் கையில் இருந்தால் இரண்டுக்கும் சேர்த்து ஒரே வரிக் கணக்குத் தாக்கல் செய்யலாம். அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கிற தாய் நிறுவனத்துக்கு மீதி இருபதை வாங்க அவசரம் எதுவும் இல்லை. கட்டுப்பாடு ஏற்கெனவே கையில். வரி வசதியும் கையில். காத்திருப்பது அவர்களுக்குச் செலவே இல்லை, நமக்குத்தான் செலவு. இதை 1998-ல் யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் கேண்டீன் பேச்சைக் கொஞ்சம் குறைத்து நம்பியிருப்பேன்.

2025 ஏப்ரல் 12

2000 பிப்ரவரியில் ஒரு பங்கு மூன்றாகப் பிரிந்தது. என் 100, 300 ஆனது. அந்த வருடம் எல்லாமே பறந்தது. செல்போன், லேப்டாப் எல்லாவற்றுக்கும் பாகம் தட்டுப்பாடு. பங்கீடு முறையில் கொடுத்தார்கள். எங்கள் கொள்முதல் ஆட்கள் வேண்டியதைப் போல இரண்டு மடங்குக்கு ஆர்டர் போட்டார்கள். பாதியாவது வரட்டும் என்று. எல்லா கம்பெனிகளும் அப்படித்தான் செய்தன. ஆர்டர் புத்தகத்தில் இருந்த தேவையில் ஒரு பகுதி வெறும் பயம்.

வருடக் கடைசியில் அது அவிழ்ந்தது. கிடங்குகள் நிறைந்து கிடந்தன, ஆர்டர்கள் ரத்தாயின, சிலிகானிக்ஸ் பங்கும் விழுந்தது.

2001 பிப்ரவரி 22. விஷே அறிவித்தது: மீதிப் பங்குகளை ஒன்றுக்கு 28.82 டாலர் ரொக்கமாகக் கொடுத்து வாங்கத் தயார். முந்தைய இருபது வர்த்தக நாட்களின் சராசரி விலைக்கு மேல் பத்து சதவீதம். மொத்தப் பங்கு சுமார் 2.99 கோடி, வெளியே இருந்தது சுமார் 58.6 லட்சம். கூட்டிப் பார்த்தால் ஏறத்தாழ 17 கோடி டாலர்.

அன்றைக்கு எனக்கு வந்த உணர்வை நேராகச் சொல்கிறேன். மூன்று வருடமாக எதிர்பார்த்த நாள் வந்துவிட்டது. அது வந்தது முந்தைய வருடத்தின் உச்சியைப் பார்த்துவிட்டு எல்லாரும் தலைகுனிந்திருந்த நேரத்தில். வாங்குவார்கள் என்ற எதிர்பார்ப்பு நிறைவேறியது. நாளைத் தேர்ந்தெடுத்தவர்கள் அவர்கள்.

இன்னொன்று. சிலிகானிக்ஸ் சரக்கை உலகம் முழுக்க விற்றது விஷேயின் விற்பனை அமைப்பு. அடுத்த காலாண்டில் யார் எவ்வளவு கேட்கிறார்கள் என்பது விஷேக்கு வாரா வாரம் தெரியும். எனக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அதுவும் நடந்து முடிந்த பிறகு. தாய் நிறுவனம் தப்பாக நடந்தது என்று சொல்லவில்லை. ஒரே மேசையில் உட்கார்ந்து சீட்டு ஆடும்போது எதிராளிக்கு என் சீட்டும் தெரியும் என்றால், நான் ஆட்டத்தை வேறு விதமாக யோசிக்க வேண்டும். அவ்வளவுதான்.

2025 ஏப்ரல் 13

"பத்து சதவீதம் மோசமில்லையே அண்ணா" என்கிறார் ஆஸ்டின் தம்பி.

எதற்கு மேல் பத்து என்று பார். விழுந்துகொண்டிருக்கும் சந்தையில் இருபது நாள் சராசரிக்கு மேல் பத்து. பிரீமியம் என்ற சொல்லுக்குத் தனியாக எடை கிடையாது. கீழே இருக்கிற தராசுத் தட்டைப் பொறுத்தது.

2025 ஏப்ரல் 17

அப்புறம் என்ன நடந்தது.

சிலிகானிக்ஸ் இயக்குநர் குழுவிலிருந்து, விஷேயோடு தொடர்பில்லாத இரண்டு பேரைக் கொண்டு ஒரு சிறப்புக் குழு அமைந்தது. 28.82 போதாது என்பது அவர்கள் நிலை. பேச்சு நகரவில்லை. 2001 மே மாதம் விஷே ரொக்கத்தை விட்டுவிட்டு நேராகப் பங்குதாரர்களிடமே வந்தது: ஒரு சிலிகானிக்ஸ் பங்குக்கு 1.5 விஷே பங்கு. வெளியே இருக்கிற பங்குகளில் பாதிக்கு மேல் ஒப்புக்கொண்டால்தான் செல்லும். அந்த நிபந்தனையை விஷே தானாக விலக்கிக்கொள்ள முடியாது.

சில பங்குதாரர்கள், சிலிகானிக்ஸ் பதிவாகியிருந்த டெலவர் மாநிலத்தின் நீதிமன்றத்துக்குப் போனார்கள். விலை குறைவு, நிறுத்துங்கள் என்று. 2001 ஜூன் 19 அன்று நீதிபதி ஜான் நோபிள் (அங்கே துணைச் சான்சலர் என்பார்கள்) தீர்ப்புச் சொன்னார். தடை கிடைக்கவில்லை. 1.5 நியாயமான விலை என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது, ஆட்டம் முடிந்தது என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

2025 ஏப்ரல் 18

நேற்றைய கடைசி வரியைத் திருத்த வேண்டும். அன்றைக்கு நாங்கள் அப்படித்தான் பேசினோம், ஆனால் அது தப்பு. ஒரு வழக்கறிஞர் வாசகர் உடனே பிடித்துவிட்டார், நன்றி.

விலை நியாயம் என்று நீதிமன்றம் சொல்லவே இல்லை. விலை நியாயமா என்று கேட்பது இந்த இடத்தில் தன் வேலை இல்லை என்றுதான் சொன்னது. தாய் நிறுவனம் இரண்டு கம்பெனியையும் ஒன்றாக்கும் இணைப்பு என்ற வழியில் வந்தால், துணை நிறுவனத்தின் இயக்குநர் குழு கையெழுத்துப் போட வேண்டும். அங்கே தாய் நிறுவனம் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கிறது, அதனால் விலையும் நடந்த விதமும் முழுக்க நியாயம் என்று அது நிரூபிக்க வேண்டும். பங்குதாரரிடமே நேராக வந்து "கொடுக்கிறாயா?" என்று கேட்டால் கதை வேறு. கொடுப்பதும் மறுப்பதும் உன் இஷ்டம். மிரட்டல் இருக்கக் கூடாது, முக்கியமான விவரத்தை மறைத்தோ திரித்தோ சொல்லக் கூடாது. அந்த இரண்டும் இல்லையென்றால் நியாய விலை கொடுக்கும் கடமை இல்லை.

இரண்டு கதவும் ஒரே வீட்டுக்குள்தான் போகின்றன. ஒரு கதவில் காவல் இருக்கிறது, இன்னொன்றில் இல்லை. இது எனக்கு இன்றுவரை நெருடுகிறது. ஆனாலும் நீதிமன்றம் சொன்னதில் ஒரு மரியாதையும் இருக்கிறது: நீ வயதுக்கு வந்தவன், வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லிக்கொள்.

2025 ஏப்ரல் 20

இன்று காலை உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இதை 2001-லேயே போட்டிருக்க வேண்டும்.

டெலவர் சட்டத்தில் 90 சதவீதம் கைக்கு வந்துவிட்டால் தாய் நிறுவனம் குறுக்குவழி இணைப்பு செய்யலாம். ஓட்டெடுப்பு இல்லை, கூட்டம் இல்லை. மீதிப் பேர் விலை பிடிக்கவில்லை என்றால் பங்கின் நியாய மதிப்பைக் கணக்கிடச் சொல்லி நீதிமன்றத்தில் கேட்கலாம், அவ்வளவுதான். அதை 2001 ஜூலையில் டெலவர் உச்ச நீதிமன்றம் கிளாஸ்மன் வழக்கில் இன்னும் இறுக்கமாகச் சொல்லிவிட்டது.

இப்போது எண்கள். விஷேயிடம் 80.4. வெளியே 19.6. அதில் பாதி 9.8. இரண்டையும் கூட்டு: 90.2.

பார்த்தாயா? சிறுபான்மையில் பாதிப் பேர் ஒப்புக்கொள்ளும் கோடும், மீதிப் பாதியை ஓட்டே இல்லாமல் வெளியேற்றக்கூடிய கோடும் ஏறத்தாழ ஒரே இடத்தில் விழுகின்றன. சுமார் 29 லட்சம் பங்கு. அதற்குக் கீழே நின்றால் ஒன்றுமே நடக்காது. அதைத் தாண்டினால் எல்லாம் முடிந்தது. நடுவில் நிற்க இடமே இல்லை.

தம்பி, உன் கம்பெனியில் தாய் நிறுவனத்திடம் எவ்வளவு இருக்கிறது என்று பார். 60 என்றால் சிறுபான்மையில் பாதி சேர்ந்தால் 80 வரைதான் போகும், 90-க்கு இன்னும் தூரம். 88 என்றால் 90-ஐ எட்ட ஆறில் ஒரு பங்கு ஆட்கள் போதும், பாதிப் பேர் என்ற நிபந்தனையை வைப்பதும் வைக்காததும் அவர்கள் மனம். இந்த ஒரு கழித்தலை, கூட்டலைப் போடாமல் யாரும் இந்த மாதிரிப் பங்கை வாங்கக் கூடாது.

2025 ஏப்ரல் 27

ஒரு வாரம் எழுதவில்லை. இந்தக் குறிப்பை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

2001 மே மாதம் எனக்கு வேலை போனது. அந்த கம்பெனியின் பெயர் இங்கே தேவையில்லை, அந்த வருடம் சிலிகான் பள்ளத்தாக்கில் தெருவுக்கு ஒரு வீட்டில் அதுதான் நிலை. பெரியவளுக்கு அப்போது இரண்டு வயது. சன்னிவேலில் வாடகை வீடு. தரகர் அலுவலகத்திலிருந்து வந்த தடித்த உறை, சலுகை விவரமும் படிவமும், சமையலறை மேசையில் மிளகாய்ப்பொடி டப்பாவுக்குப் பக்கத்தில் மூன்று வாரம் கிடந்தது. நான் பிரித்து முதல் பத்துப் பக்கம் படித்தேன். மறுபடி உள்ளே வைத்தேன். என் மனைவி ஒருநாள், "இதில் கையெழுத்துப் போடணுமா, போடக் கூடாதா? அதைச் சொல்லுங்கள், மேசையைத் துடைக்கணும்" என்றாள். "நாளைக்குப் பார்க்கலாம்" என்றேன்.

ஜூலை முதல் வாரம் கெடு முடிந்தது. பாதிப் பேர் வரவில்லை. சலுகை விழுந்தது.

பிறகு பல வருடம் "நாங்கள் மறுத்தோம், விஷே பின்வாங்கியது" என்று நண்பர்களிடம் சொல்லியிருக்கிறேன். நான் மறுக்கவில்லை. என்னால் முடிவெடுக்க முடியவில்லை. ஆனால் இந்த மாதிரிச் சலுகையில் படிவத்தை அனுப்பாதவனும் மறுத்தவனும் ஒரே கணக்கில்தான் போவார்கள். அப்படி அனுப்பாதவர்களில் எத்தனை பேர் உறுதியாக வேண்டாம் என்றவர்கள், எத்தனை பேர் வீட்டில் உறை மிளகாய்ப்பொடி டப்பாவுக்குப் பக்கத்தில் கிடந்தது, யாருக்கும் தெரியாது.

இன்னொரு உண்மையும் சொல்லிவிடுகிறேன். பிப்ரவரியில் சொன்ன 28.82 ரொக்கம் ஜூன் மாதம் என் முன்னால் இருந்திருந்தால், கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருப்பேன். 300 பங்குக்கு 8,646 டாலர். எங்களுக்கு நாலு மாத வாடகை. பங்கு மாற்றாக வந்ததால்தான் என் கை ஓடவில்லை. விஷே பங்கு கிடைத்து நான் என்ன செய்ய, வாடகைக்கு அதைக் கொடுக்க முடியுமா என்பதுதான் அன்றைக்கு என் யோசனை. விற்றுப் பணமாக்கலாம் என்று தெரியும். தெரிந்தும் மனம் ஒட்டவில்லை.

சிறுபான்மையின் உறுதி என்று பெரிதாகப் பேசுகிறோம். அந்த மாதம் வீட்டில் அரிசி இருக்கிறதா என்பதில் பாதி உறுதி இருக்கிறது.

2025 மே 3

விஷே தலைவரைத் திட்டி இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். நான் அந்தப் பக்கம் வர மாட்டேன்.

ஃபெலிக்ஸ் சாண்ட்மன். அன்றைய போலந்தின் குரோட்னோவில் வளர்ந்த யூதச் சிறுவன். நாஜிகளிடமிருந்து தப்ப, ஒரு வீட்டின் தரைக்கு அடியில் தோண்டிய குழியில் பதினேழு மாதம் மற்றவர்களோடு ஒளிந்து கிடந்தவர். அந்த இருட்டில்தான் அவருடைய மாமா அவருக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்தார். பிறகு பிரான்சில் படித்து, அமெரிக்கா வந்து, 1962-ல் கம்பெனி தொடங்கி, சொந்தங்கள் அழிந்துபோன லிதுவேனியக் கிராமத்தின் பெயரை அதற்கு வைத்தார். 2011-ல் காலமானார்.

அவர் தன் கம்பெனிக்காக மலிவாக வாங்கப் பார்த்தார். வாங்குகிறவர் அப்படித்தான் பார்ப்பார். நான் கேட்க வேண்டியிருந்த கேள்வி வேறு. 1.5 விஷே பங்கை வாங்கிக்கொண்டால் அந்தப் பங்குக்கு ஒரு ஓட்டு. அவரும் அவரைச் சேர்ந்தவர்களும் வைத்திருந்த பி வகுப்புப் பங்குக்குப் பத்து ஓட்டு. ஒருவர் கட்டுப்பாட்டில் இருக்கிற சின்ன கம்பெனியிலிருந்து, அதே ஆள் கட்டுப்பாட்டில் இருக்கிற பெரிய கம்பெனிக்குப் போகிறேன். வீடு மாறுகிறது, வீட்டுக்காரர் மாறவில்லை.

2025 மே 10

2005-க்கு வருகிறேன். நடுவில் நாலு வருடம். எனக்கு வேறு வேலை கிடைத்தது, இரண்டாவது பெண் பிறந்தாள், சிலிகானிக்ஸ் பங்கு அதன் பாட்டுக்குக் கிடந்தது.

மார்ச் 3 அன்று விஷே மறுபடி வந்தது. இந்த முறை 2.64 விஷே பங்கு. மறுபடி சிறப்புக் குழு, மறுபடி வழக்குகள். ஆனால் இந்த முறை பேச்சு நகர்ந்தது. ஏப்ரலில் 3.075 ஆக உயர்ந்தது. முதலில் சொன்னதற்கு மேல் பதினாறு சதவீதத்துக்கும் அதிகம். மே மாத நடுவில் எல்லாம் முடிந்தது. பாதிக்கு மேல் மட்டும் இல்லை, 90-ஐயும் தாண்டிவிட்டது, குறுக்குவழி இணைப்பும் அதே விகிதத்தில் நடந்தது. இந்த முறை நான் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். எல்லாப் பக்கத்தையும் படித்துவிட்டுப் போட்டேன்.

2001-ல் 1.5. 2005-ல் 3.075. இரண்டு மடங்குக்கு மேல். காத்திருந்தவனுக்குக் கிடைத்தது பார்.

2025 மே 11

நேற்றைய கடைசி வரிகளை நானே வாபஸ் வாங்குகிறேன். சந்தோஷத்தில் எழுதிவிட்டேன். விகிதத்தைப் பார்த்துப் பணம் என்று நினைப்பது நான் மற்றவர்களை எச்சரிக்கிற தப்பு.

அந்த நாலு வருடத்தில் விஷே பங்கு வெகுவாக இறங்கியிருந்தது. 2005 மே மாதம் 12 டாலரைச் சுற்றி. 3.075-ஆல் பெருக்கினால் 36, 37. 28.82 ரொக்கத்தோடு வைத்துப் பார். நாலு வருடத்தில் கால்பங்குக்குக் கொஞ்சம் மேல் அதிகம். வருடத்துக்கு ஆறு சதவீதம் மாதிரி. கெட்ட கணக்கு இல்லை. இரட்டிப்பும் இல்லை. இந்த ஆறு சதவீதத்துக்காக வேலை இல்லாத மாதங்களில் அந்தப் பங்கைப் பார்த்துப் பார்த்துத் தூக்கம் கெட்டதையும் சேர்க்க வேண்டும்.

நல்லது ஒன்று உண்டு, அதை மறைக்க மாட்டேன். 2001-ல் மறுத்ததால்தான் 2005-ல் விஷே கவனமாக வந்தது என்று நான் நினைக்கிறேன். 2.64 என்று தொடங்கி 3.075-க்கு ஏறியவர்கள், ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டவர்கள்.

2025 மே 19

சட்டம் இப்போது எங்கே நிற்கிறது என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன், நான் வழக்கறிஞன் இல்லை.

சிலிகானிக்ஸ் தீர்ப்பின் கதவு ரொம்ப அகலமாகத் திறந்துவிட்டது என்று டெலவரிலேயே பட்டது. 2002-ல் பியூர் ரிசோர்சஸ் வழக்கில் நீதிமன்றம் மூன்று கட்டு போட்டது: சிறுபான்மையில் பாதிக்கு மேல் என்ற விலக்க முடியாத நிபந்தனை வேண்டும், 90 வந்தால் அதே விலைக்கு உடனே இணைப்பு என்று வாக்குக் கொடுக்க வேண்டும், பழிவாங்கும் மிரட்டல் கூடாது. சிறப்புக் குழுவுக்கு நேரமும் ஆலோசகரும் கொடுக்க வேண்டும். 2010-ல் சிஎன்எக்ஸ் கேஸ் வழக்கு இரண்டு கதவுக்கும் ஒரே காவல் போடப் பார்த்தது. 2014-ல் எம் அண்ட் எஃப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: தொடக்கத்திலேயே சுதந்திரக் குழு, சிறுபான்மையின் பெரும்பான்மை ஓட்டு, இரண்டையும் ஏற்றுக்கொண்டு வந்தால் நீதிமன்றம் விலையைத் தோண்டாது.

2025 மார்ச் 25-ல் டெலவர் சட்டத்தையே மாற்றினார்கள். கட்டுப்படுத்துகிற பங்குதாரரோடு நடக்கிற பல பரிவர்த்தனைகளுக்கு அந்த இரண்டில் ஒன்று போதும் என்று தளர்த்திவிட்டார்கள். ஆனால் சிறுபான்மையை முழுக்க வெளியே அனுப்புகிற பரிவர்த்தனைக்கு இரண்டும் வேண்டும் என்பது நிற்கிறது. தம்பி, உன் கம்பெனி எந்த மாநிலத்தில், எந்த நாட்டில் பதிவு என்று முதலில் பார். தைவானோ இஸ்ரேலோ என்றால் நான் எழுதியதில் பாதி உனக்குப் பொருந்தாது.

இந்தியாவில் இந்த ஆட்டமே வேறு. பட்டியலிட்ட கம்பெனியில் பொதுமக்கள் கையில் பொதுவாக 25 சதவீதமாவது இருக்க வேண்டும், 80.4 வைத்துக்கொண்டு ஏழு வருடம் உட்கார முடியாது. பட்டியலிலிருந்து நீக்க வேண்டுமென்றால் 90-ஐ எட்ட வேண்டும். விலையைப் பங்குதாரர்களே கேட்கிற ஏல முறை இருக்கிறது. 2024-லிருந்து, விதிப்படி கணக்கிடும் அடிமட்ட விலைக்கு 15 சதவீதமாவது மேலே வைத்து நிலையான விலை சொல்கிற வழியும் வந்திருக்கிறது.

2025 ஜூலை 14

இரண்டு மாதத்துக்குப் பிறகு வருகிறேன். இந்த இழைக்கு ஒரு உதாரணம் தானாக வந்து விழுந்திருக்கிறது.

சிப் கம்பெனி இன்டெல் 2017-ல், கார்களுக்கான கேமரா, சிப் தொழில்நுட்பம் செய்யும் மொபைல்ஐயை முழுக்க வாங்கியது, பங்குக்கு 63.54 டாலர் கொடுத்து, மொத்தம் சுமார் 1,530 கோடி டாலர். 2022 அக்டோபரில் 21 டாலருக்கு மறுபடி சந்தைக்குக் கொண்டுவந்தது, பெரும்பங்கைத் தன்னிடமே வைத்துக்கொண்டு. இன்டெல் என்றைக்காவது மீதியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் என்று நம்பி வாங்கியவர் ஒருவரை எனக்குத் தெரியும், நல்ல மனிதர். இந்த மாதம் இன்டெல் செய்தது என்ன? 16.50 டாலருக்குத் தன் பங்கில் ஒரு பகுதியை விற்றது. தாய்க்குப் பணத்தேவை வந்தால் பிள்ளையின் நகைதான் முதலில் அடகுக்குப் போகும்.

1998-ல் டாய்ம்லர் செய்ததும் இதுதான் என்று ஏப்ரல் 9-ல் எழுதியிருக்கிறேன். தாய் நிறுவனத்தின் கடன், அதன் பணக்கையிருப்பு, அதன் சொந்தப் பங்கின் விலை. துணை நிறுவனத்தின் ஆண்டறிக்கையைப் படிக்கிற நாம் தாய் நிறுவனத்தின் அறிக்கையைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

2025 ஆகஸ்ட் 2

ஆஸ்டின் தம்பி தொலைபேசியில் பேசினார். தாய் நிறுவனம் 70 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே வைத்திருக்கிறதாம். கடன் நிறைய. இந்த வருடம் வாங்குகிற நிலையில் இல்லை என்பது அவருக்கே தெரிந்துவிட்டது. "தாய் நிறுவனம் என்று ஒன்று இல்லவே இல்லை என்று வைத்துக்கொள், இந்த விலைக்கு இந்தப் பங்கை இன்று வாங்குவாயா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "பாதி வாங்குவேன் அண்ணா" என்றார். பாதியை விற்றிருக்கிறார்.

அவர் கடைசியாக ஒன்று கேட்டார், 2005-ல் உங்கள் கைக்கு என்னதான் வந்தது என்று. 300 பங்கு, ஒன்றுக்கு 3.075. மொத்தம் 922.5. அரைப் பங்கு கொடுக்க மாட்டார்கள். 922 விஷே பங்கு தரகர் கணக்கில் விழுந்தது. மீதி அரைப் பங்குக்கு ஒரு சின்னக் காசோலை தபாலில் வந்தது, ஆறு டாலர் சொச்சம். அன்றைக்குப் பெரியவளுக்கு ஆறு வயது. அவளோடு வங்கிக்கு நடந்து போய்ப் போட்டுவிட்டு, வரும் வழியில் அந்தக் காசில் இரண்டு பெண்களுக்கும் ஐஸ்கிரீம் வாங்கினோம்.